துண்டுக்கடியில் பேசிய சம்பளம்

அன்றைக்குச் செஞ்சி கடைவீதியில் ஆரோக்கியநாதன் வாயைப் பிளந்த பிளப்பில், திருவண்ணாமலை பஸ் ஒன்று உள்ளே நுழைந்து, ஆளை இறக்கி, ரிவர்ஸ் எடுத்துத் திரும்பிப் போயிருக்கலாம். கண்டக்டர் விசில் கூட ஊதியிருக்க வேண்டாம், இடம் அவ்வளவு தாராளம்.

அப்படி அவன் அதிர்ந்து போனதற்குக் காரணம் உண்டு. வேலை கேட்டு வந்து ஐந்து நிமிஷம்கூட ஆகவில்லை. மண்டி முதலாளி சம்பவநாதன் நைனார் நேராக வந்தார். அவன் வலது கையைப் பிடித்தார். தன் தோளில் கிடந்த துண்டை எடுத்து அந்தக் கையின் மேல் போட்டு மூடினார். துண்டுக்குள்ளே அவன் விரல்களைப் பிடித்து அழுத்தத் தொடங்கினார். பொழுது சாயாத நல்ல வெளிச்சத்தில், மலை மலையாய் மூட்டைகள் அடுக்கிய மண்டியில், ஊரே பார்க்க!

ஆரோக்கியநாதன் ரங்கூனில் பிறந்து ரங்கூனில் வளர்ந்தவன். அங்கே ஒரு மரக் கம்பெனியில் மேசை, நாற்காலி, தலைக்கு மேல் சுழலும் விசிறி சகிதமாக மாதம் முந்நூற்றைம்பது சம்பளம் வாங்கினவன். அந்த ஊரில் சம்பளம் பேசுவதென்றால், துரை ஒரு தொகையைச் சொல்வார், இவன் 'தேங்க் யூ சார்' என்பான், தீர்ந்தது. கையைத் தொடுவதாவது!

அப்புறம் பர்மாவில் ஆட்சி மாறியது. கம்பெனியைச் சர்க்கார் எடுத்துக்கொண்டது. இந்தியர்களெல்லாம் மூட்டை கட்டினார்கள். அறுபத்து நாலாம் வருஷம் ஆவணியில், தான் பிறக்காத தாய்நாட்டுக்கு ஆரோக்கியநாதன் முதல்முறையாக வந்து இறங்கினான். நகை நட்டெல்லாம் துறைமுகத்திலேயே பறிபோயிற்று. மனைவி அருளம்மாளின் கம்மல் ஒரு ஜோடி மட்டும் தப்பியது. அது பர்மாக்காரர்கள் உயிராய் நேசிக்கும் நாறல் மீன் விழுது ஜாடியின் அடியில் பயணம் செய்தது. சோதனை போட வந்த அதிகாரி மூடியைத் திறந்து மூக்கைக் காட்டினாராம். அவரைத் தூக்கிக்கொண்டு போக நாலு பேர் வேண்டியிருந்ததாம்.

அருளம்மாள் மட்டும் செஞ்சிப் பக்கத்துக்காரி. கல்யாணம் கட்டிக்கொண்டு ரங்கூன் போனவள். அவள் அண்ணன் யாகப்பன், செஞ்சிக்கு மூன்று மைல் தள்ளி ஒரு கிராமத்தில் மாட்டுத் தரகு செய்துகொண்டிருந்தான். அவன் வீட்டு மாட்டுக் கொட்டகையில்தான் இவர்களுக்கு ஜாகை. அந்தப் பசுமாடு பெருந்தன்மையானது. நகர்ந்து படுத்து இடம் கொடுத்தது. யாகப்பன் பெண்சாதி ராயம்மாள்தான் கொடுக்கவில்லை.

"ரங்கூன் தொரைக்கு இன்னும் ஒரு கரண்டி ஊத்தட்டா, இல்ல மாட்டுக்கு ஊத்தட்டா? மாடாச்சும் பால் குடுக்குது" என்பாள், சோறு போடும்போதே.

அதைக் கேட்டுக் கேட்டு ஆரோக்கியநாதன் ஒரு சபதம் எடுத்திருந்தான். "நூறு ரூபாய்க்குக் குறைச்சு எவன் கொடுத்தாலும் கைநீட்ட மாட்டேன் அருளு. நமக்குன்னு ஒரு தகுதி இருக்கு. ஒத்து வரலைன்னா கம்மலை வித்துட்டு மெட்ராசுக்குப் போயிடுவோம். அங்கே ஆபீஸ் ஆபீஸா ஏறி இறங்கறேன்."

"தகுதி இருக்குது, சரி" என்றாள் அருளம்மாள். "அத்த எங்க வெக்கறது? இந்தக் கொட்டாயில எடமில்லியே."

இந்த நிலையில்தான் யாகப்பன் ஒரு தகவல் கொண்டுவந்தான். சம்பவநாதன் நைனாரின் மல்லாட்டை மண்டிக்கு ஆள் தேவை. மல்லாட்டை என்றால் வேர்க்கடலை. செஞ்சிச் சீமையில் அதற்கு வேறு பெயர் சொன்னால் கடலைக்கே கோபம் வரும். பம்பாய் எண்ணெய்க் கம்பெனிக்காரர்கள் ட்ரங்க் காலில் கூப்பிட்டு இங்கிலீஷில் பொரிகிறார்கள். நைனார் எல்லாவற்றுக்கும் 'எஸ் எஸ்' என்று சொல்லி, மூட்டைக்கு ரெண்டு ரூபாய் நஷ்டத்தில் விற்றுவிட்டார். இங்கிலீஷ் பேச உடனே ஒரு ஆள் வேண்டும்.

யாகப்பன் சாயங்கால நேரத்தில் அவனை மண்டியில் கொண்டுவந்து விட்டான். "இவருதான் எங்க மச்சான்" என்று நைனாரிடம் காட்டினான். "தோ, ஒரு டீ அடிச்சிட்டு வந்துடறேன்" என்று போனான். போனவன் போனவன்தான். அந்தத் துண்டு என்ன ஏது என்று சொல்ல ஆளில்லாமல் போயிற்று.

அந்த மண்டியின் வழக்கம் அது. வாங்குகிறவனும் விற்கிறவனும் வாயைத் திறந்து விலை பேச மாட்டார்கள். துண்டைப் போட்டுக் கையை மூடுவார்கள். உள்ளே விரல்தான் பேசும். இத்தனை விரலைப் பிடித்தால் இத்தனை ரூபாய். விலை கட்டாவிட்டால் கையை விறைப்பாய் வைத்துக்கொள்வது, சம்மதமென்றால் எதிராளியின் கையை இறுக்கி அழுத்துவது. பக்கத்தில் நிற்பவனுக்குத் துண்டு ஆடுவது தெரியும், துட்டு தெரியாது. மாடு, மல்லாட்டை எல்லாம் அந்தச் சீமையில் அப்படித்தான் கைமாறின. நைனார் ஒரு படி மேலே போய், வேலையாள் சம்பளத்தையும் துண்டுக்குள்ளேயே பேசினார். ஒருத்தன் சம்பளம் இன்னொருத்தனுக்குத் தெரிந்தால் ஊரில் மழை பெய்யாது என்பது அவர் நம்பிக்கை.

நைனார் முதலில் நாலு விரலைப் பிடித்து அழுத்தினார். ஆரோக்கியநாதனுக்கு உச்சந்தலையில் மயிர் ஒவ்வொன்றும் எழுந்து நின்றது. கை மரக்கட்டையாயிற்று.

நைனார் அவன் முகத்தைப் பார்த்தார். கல்லு மாதிரி இருந்தது. 'பலே ஆளு' என்று நினைத்திருப்பார். ஐந்து விரலையும் சேர்த்துப் பிடித்தார். கை இன்னும் விறைத்தது. இரும்பு உலக்கைகூட அதைவிட நெகிழ்ந்து கொடுக்கும்.

நைனார் திரும்பி மேற்கே பார்த்தார். அங்கே ராஜகிரிக் கோட்டை உச்சியை நோக்கிச் சூரியன் சரசரவென்று இறங்கிக்கொண்டிருந்தது. அவர் ஜைனர், பொழுது சாய்ந்தபின் வாயில் பருக்கை படக்கூடாது. வீட்டில் நீலாஞ்சனா அம்மாள் இலை போட்டு, நெய் உருக்கி, வாசலையும் வானத்தையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருப்பார். இந்த ரங்கூன்காரன் மசியவில்லையென்றால் நாளைக் காலைவரை பச்சைப் பட்டினி.

மறுபடி ஐந்து விரலையும் பிடித்து, விட்டு, ஒரே ஒரு விரலைத் தனியாகப் பிடித்தார்.

அந்த நேரம் பார்த்து மல்லாட்டைத் தூசி ஆரோக்கியநாதன் மூக்கில் ஏறியது. தும்மினான். தும்மல் என்றால் சாமானியத் தும்மலா! கூரைமேல் இருந்த புறாக்கள் மேல்மலையனூரில் போய்த்தான் இறங்கியிருக்கும். தும்மின வேகத்தில் கை தானாக மூடி, நைனாரின் கையை நொறுங்கும்படி இறுக்கிவிட்டது.

"படிஞ்சிடுச்சி!" என்று கத்தினார் நைனார். துண்டை உருவினார். "காலைல வந்துடுங்க." வேட்டியைத் தொடைக்குமேல் தூக்கிப் பிடித்தார். சூரியனோடு பந்தயம் கட்டிக்கொண்டு வீட்டைப் பார்த்து ஓடினார்.

தராசுக்குப் பக்கத்தில் நின்று எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்த எடைக்காரர் பச்சைமுத்து, ஓடிவந்து அவன் முதுகில் தட்டினார். "அண்ணாத்தே, ஆளுன்னா நீதான் ஆளு! நைனார மூணு தபா புடிக்க வெச்சிட்டியே! எங்களுக்கெல்லாம் ஒரே புடி, அத்தோட சரி."

"எவ்வளவுங்க?"

"இன்னா எவ்ளோ?"

"என் சம்பளம்."

பச்சைமுத்துவின் சிரிப்பு பாதியில் நின்றது. "துண்டுக்குள்ள இருந்தது உன் கைதானே?"

"என் கைதான்."

"உன் கைக்குத் தெரியாதது என் கண்ணுக்கு எப்டித் தெரியும்?" குரலைத் தாழ்த்தினார். "அத்தயெல்லாம் வெளிய பேசக்கூடாது. எனக்கு இன்னா சம்பளம்னு என் பொண்டாட்டிக்கே தெரியாது. போ போ, காலைல வா."

வேலை கிடைத்துவிட்டது. எவ்வளவுக்கு என்று உலகத்தில் இரண்டு பேருக்குத் தெரியவேண்டும். அதில் ஒருவர் ஓடிப்போய்ச் சாப்பிட்டுக்கொண்டிருக்கிறார், மற்றவருக்குத் தெரியவில்லை.

வீட்டில் யாகப்பன் அவனை உட்காரவைத்து விசாரணை நடத்தினான். எந்த விரல், எத்தனை விரல், எவ்வளவு அழுத்தம் என்று குறுக்கும் நெடுக்குமாய்க் கேட்டான்.

"முதல்லே நாலு. அப்புறம் அஞ்சும். அப்புறம் அஞ்சு, தனியா ஒண்ணு."

யாகப்பன் மாட்டுத் தரகன். சந்தையில் ஒரு விரல் பிடித்தால் நூறு. அந்தக் கணக்கைத் தவிர வேறு கணக்கு அவனுக்குத் தெரியாது. எழுந்து நின்றான். உட்கார்ந்தான். மறுபடி எழுந்தான்.

"மச்சான்! ஆறு நூறு! அறநூறு ரூபா!"

சேதி கேட்டு ராயம்மாள் உறைந்துபோனாள். கையிலிருந்த கரண்டி உறையவில்லை, கீழே விழுந்தது. ஒரு தாசில்தார் வீட்டுக்கே அவ்வளவு வருமா என்பது சந்தேகம். அடுத்த நிமிஷம் கோழி முட்டை உடைகிற சத்தம் கேட்டது. ஒன்றல்ல, நாலு. வீட்டுக்குள்ளே கிடந்த கயிற்றுக் கட்டில் கொட்டகைக்கு வந்தது. "எங்க அண்ணன் வெத்துத் தரையில படுக்கலாமா?" என்று ராயம்மாள் கண் கலங்கினாள். நேற்றுவரை துரை, இன்றைக்கு அண்ணன். பசுமாடு இதையெல்லாம் பார்த்து அசைபோடுவதை நிறுத்திவிட்டது.

ஆரோக்கியநாதன் மனசுக்குள் கணக்குப் போட்டான். அறுநூறு இருக்குமா? இருக்காதுதான். பாதி இருந்தால்கூட முந்நூறு. கால்வாசி என்றாலும் சபதம் காப்பாற்றப்பட்டுவிடும்.

அருளம்மாள் மட்டும் முட்டையைத் தொடவில்லை. "காலைல நேரா அவரக் கேட்டுடுங்க. இன்னா சம்பளம்னே தெரியாம எப்டி ஒத்துக்கறது? எப்டி வேணாங்கறது?"

"கேக்கக் கூடாதாமே."

"யாரு கேக்கக் கூடாது? ஊர்க்காரன் கேக்கக் கூடாது. நீங்கதான் வெளியூராச்சே."

மறுநாள் காலை மண்டி நிரம்பி வழிந்தது. வண்டிகள் கடைவீதி முனைவரை நின்றன. நைனார் நடுவில் உட்கார்ந்திருந்தார். அவருக்கு இடப்பக்கம் கணக்குப்பிள்ளை இராமச்சந்திரன். அந்த மண்டியில் தலை நரைத்தவர். ஆரோக்கியநாதன் உள்ளே போய்க் கும்பிட்டான். ஜனங்கள் போடுகிற சத்தத்தில் காதில் விழாதோ என்று தொண்டையைத் திறந்து கேட்டான்:

"ஐயா, எனக்குச் சம்பளம் எவ்வளவு?"

மண்டி நின்றுபோயிற்று. தராசுத் தட்டு அந்தரத்தில் நின்றது. மூட்டையைத் தலைக்குத் தூக்கியவன் தூக்கினபடி நின்றான். வண்டிமாடுகள் வாலைச் சுழற்றியவை, கீழே விட மறந்தன. தெருவில் போன தபால்காரர் சைக்கிளில் உட்கார்ந்தபடியே, கீழே விழாமல் நின்றார். அந்த ஊரில் வீட்டுக்குள் நடப்பதைத் தெருவில் சொல்வார்கள், கோர்ட்டில் சொல்வார்கள், கோவிலில் சொல்வார்கள். சம்பளத்தை யாரும் சொன்னது கிடையாது.

நைனார் முகம் வெளுத்தது. அவசரமாய்த் துண்டை எடுத்துக்கொண்டு எழுந்தார். "கைய குடுங்க, கைய குடுங்க."

ஆரோக்கியநாதன் இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டான். "வேண்டாங்க. வாயால சொல்லுங்க."

நைனார் இடம் பார்த்தார், வலம் பார்த்தார். பொய் சொல்வதில்லை என்று விரதம் பூண்டவர் அவர். விலையைத் துண்டுக்குள் மறைப்பார். ஆனால் கேட்ட கேள்விக்குப் பொய் வராது.

"அறுபது."

ஆரோக்கியநாதனின் காதுக்குள் ரங்கூன் துறைமுகத்தில் கப்பல் ஊதுகிற சத்தம் கேட்டது. அறுநூறு போனது போகட்டும். முந்நூறு போகட்டும். நூறுகூட இல்லை. அறுபது!

அவன் வாய் திறப்பதற்குமுன் இடப்பக்கத்திலிருந்து ஒரு அலறல்.

"அறுபதா?" கணக்குப்பிள்ளை இராமச்சந்திரன் எழுந்து நின்றுவிட்டார். "தலை நரைக்கிற வரைக்கும் இங்க குந்திக்கினு இருக்கேன், எனக்கு நாப்பத்திரண்டு!" சொன்னபிறகுதான் வாயைப் பொத்தினார்.

"நாப்பத்திரண்டா?" என்று அலறினார் பச்சைமுத்து. "எனக்கு முப்பத்தஞ்சி!"

"முப்பத்தஞ்சா?" தலைமேல் மூட்டை வைத்திருந்த தனகோட்டி அதை அப்படியே கீழே போட்டான். மூட்டை வெடித்து மல்லாட்டை ஓடியது. "எனக்கு இருவத்தி மூணு நைனாரே, இருவத்தி மூணு!"

அவ்வளவுதான். வருஷக் கணக்காய்த் துண்டுக்குள் கிடந்ததெல்லாம் ஒரே மூச்சில் தெருவுக்கு வந்துவிட்டது. ஒருத்தரை ஒருத்தர் பார்த்தார்கள். எல்லாரும் சேர்ந்து நைனாரைப் பார்த்தார்கள். எவனும் அசையவில்லை. வண்டிக்காரர்கள் அவிழ்த்துப்போட்ட மாட்டுக்குப் புல் வைத்துவிட்டு, வேடிக்கை பார்க்க வசதியாய்க் குந்தினார்கள்.

நைனார் ஆரோக்கியநாதனைக் கையைப் பிடித்து மூட்டைகளுக்குப் பின்னால் இழுத்துக்கொண்டு போனார். இந்தத் தடவை துண்டு இல்லை.

"இன்னா தம்பி, இப்டி பண்ணிட்டீங்களே! நாப்பதுல ஆரம்பிச்சி நாப்பத்தஞ்சில முடிக்கலாம்னு இருந்தேன். பொழுது எறங்கிடுச்சி. உங்க கை வேற கல்லாட்டம் நிக்குது. சோறு போயிடுமேன்னு வெரலுக்குப் பத்தா அறுபது புடிச்சிட்டேன்." நெற்றியைத் துடைத்துக்கொண்டார். திடீரென்று அவர் குரலில் தேன் இறங்கியது. "நானும் ராத்திரி பூரா யோசிச்சேன். நீங்க ரங்கூன்ல முந்நூத்தம்பது வாங்கின மனுசன். மேசை, நாற்காலி, ஃபேன் காத்து. இந்தத் தூசிக்குள்ள அறுபது ரூபாவுக்கா? கேவலமில்லியா? உங்களுக்குன்னு ஒரு தகுதி இருக்குதில்ல? வேணாம்னு நாலு பேரு கேக்க ஒரு வார்த்த சொல்லிட்டுக் கெளம்புங்க. மெட்ராசுக்கு பஸ் சார்ஜு நான் தரேன். குடும்பத்துக்கும் சேத்து."

வரி மாறாமல் ஆரோக்கியநாதனுடைய பேச்சு அது. கொட்டகையில் மாட்டுக்கும் மனைவிக்கும் நடுவில் படுத்துக்கொண்டு, மோட்டுவளையைப் பார்த்துத் தினமும் சொன்ன பேச்சு. தன் வாயில் இருந்தபோது அது மானம் மாதிரி இருந்தது. நைனார் வாயில் கேட்கும்போது, வாங்க இஷ்டமில்லாத மாட்டை 'ராஜா வீட்டு மாடாச்சே, நமக்கெதுக்கு' என்று தட்டிக்கொடுத்து ஓட்டிவிடுகிற பேச்சாக இருந்தது. நூறு ரூபாய் எங்கே இருக்கிறது? மெட்ராசிலா? யார் பார்த்தார்கள்? அவனைப்போலக் கப்பலில் வந்து இறங்கினவர்கள் அங்கே ஆபீசுக்கு நூறு பேராய் நிற்கிறார்கள் என்பது அவனுக்குத் தெரியாததல்ல.

மூட்டை இடுக்கில் பச்சைமுத்துவின் தலை நீண்டது. "அண்ணாத்தே, அவரு பேச்சக் கேட்டு வேணாம்னு சொல்லிடாத. நீ போனா அந்த அறுபதும் உன்னோட பஸ் ஏறிடும். அப்புறம் நாங்க எத்தக் காட்டிக் கேக்கறது?"

"நீ போய்யா அப்பால!" என்றார் நைனார்.

"நான் எங்கப் போறது? முப்பத்தஞ்சி ரூபாவுல எவ்ளோ தூரம் போக முடியும்?"

ஆரோக்கியநாதனுக்குச் சிரிப்பு வந்தது. கப்பலை விட்டு இறங்கிய பிறகு வந்த முதல் சிரிப்பு; துரு பிடித்த கதவு மாதிரி கிறீச்சென்று திறந்தது. மூட்டைகளைச் சுற்றிக்கொண்டு வெளியே வந்தான். தொண்டையைத் திறந்தான்.

"அறுபது ரூபாய்க்கு எனக்குச் சம்மதங்க."

நைனார் வாயைப் பிளந்தார். இந்தத் தடவை பஸ் அல்ல, நூறு மூட்டை ஏற்றின லாரி நுழையும்.

அதற்குப் பிறகு நடந்ததைச் செஞ்சியில் பத்து விதமாய்ச் சொல்வார்கள். உச்சிவேளை வரை எவனும் மூட்டையைத் தொடவில்லை என்பது மட்டும் எல்லாரும் ஒப்புக்கொள்வது. கணக்குப்பிள்ளைக்கு அறுபத்திரண்டு, பச்சைமுத்துவுக்கு ஐம்பது, தனகோட்டிக்கு முப்பத்தைந்து என்று நைனார் வாயாலேயே, எல்லார் காதிலும் விழும்படி சொன்னார். ஒவ்வொன்றும் சொல்லும்போது பல் பிடுங்கிக்கொண்டவர் மாதிரி கன்னத்தைப் பிடித்துக்கொண்டார். ட்ரங்க் கால் வந்தது. ஆரோக்கியநாதன் பம்பாய்க்காரனிடம் இங்கிலீஷில் போட்ட போட்டில் மூட்டைக்கு ஒன்றரை ரூபாய் ஏறிற்று. நைனார் கன்னத்திலிருந்து கையை எடுத்தார். எடுத்தாரே தவிர, சிரிக்கவில்லை.

ஆனால் சம்பளத்தைத் துண்டுக்குள் பேசுவதற்கு ஒரு நியாயம் இருக்கத்தான் செய்தது. அது ஆரோக்கியநாதனுக்குச் சாயங்காலம் விளங்கியது. கடைவீதியில் வீடு வாடகைக்கு விடுகிற சுந்தராம்பாள் அவனைப் பார்த்ததும், "அறுபதாமே? அப்ப வாடக பத்து. காலைல எட்டுன்னு சொல்லியிருப்பேன், காலைல நீ வரலியே" என்று சொல்லிச் சாவியைக் கொடுத்தாள். பால்காரி பூவாயி, "அறுபது ரூபா சம்பளக்காரரு, கால்படியா வாங்குவீங்க? அரைப்படி ஊத்தறேன்" என்றாள். பஸ்ஸில் ஏறினால் கண்டக்டர், "அறுபது ரூபாக்காரருக்கு சில்லற இல்லாம இருக்குமா?" என்று கேட்டு மீதியை அமுக்கப் பார்த்தார். சேதி அவனுக்கு முன்னாலேயே பஸ் ஏறிவிட்டிருந்தது.

கிராமத்தில் இறங்கினான். யாகப்பன் தெருமுனையிலேயே மடக்கினான். "அறநூறுல ஒரு சைபர எங்க மச்சான் தொலச்சிட்டு வந்த?" என்றான், வேறெதுவும் சொல்லத் தோன்றாமல். கயிற்றுக் கட்டில் வீட்டுக்குள் திரும்பிப் போய்க்கொண்டிருந்தது; தலைப்பக்கம் ராயம்மாள் கையில் இருந்தது. அவனைப் பார்த்ததும் நாலு முட்டை நஷ்டத்தை முகத்தில் காட்டினாள்.

கொட்டகை வாசலில் தகரப் பெட்டி மேல் அருளம்மாள் உட்கார்ந்திருந்தாள். பெட்டி பூட்டிக் கயிறு கட்டியிருந்தது. பாத்திரங்கள் கோணியில். மாட்டுக்குப் புல்லும் போட்டாயிற்று.

"எல்லாத்தையும் கட்டிட்டியா? எங்கே போறோம்னு உனக்கு யார் சொன்னா?"

"எங்கன்னு தெரியாது. மெட்ராசோ, செஞ்சியோ, இங்கிருந்து போறது நிச்சயம்" என்றாள். "அறுபதுன்னு ஒம்போது பேரு வந்து சொல்லிட்டுப் போயிட்டாங்க. சர்ச்சுல மணியடிக்கிற கோயில் பிள்ளைகூட சொல்லிட்டாரு. நீங்க ஒத்துக்கினீங்களா இல்லியா, அத்த மட்டும் ஒருத்தனும் சொல்லலியே."

"ஒத்துக்கிட்டேன்."

அருளம்மாள் அவனை மேலும் கீழும் பார்த்தாள். நூறு ரூபாய்க்குக் குறைந்தால் கைநீட்ட மாட்டேன் என்ற மனிதன் இவன்தானா என்று சரிபார்ப்பதுபோல் இருந்தது. பிறகு பெட்டியைவிட்டு எழுந்தாள்.

"அப்ப அந்தப் பக்கம் புடிங்க. செஞ்சி பஸ்ஸு இதான் கடைசி."